மைக்ரோகிரீன்ஸ் ட்ரேயில் என்ன கோளாறு? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

“வெள்ளையா ஏதோ படர்ந்திருக்கு, கொட்டிடட்டுமா?”

மைக்ரோகிரீன்ஸ் (ட்ரேயில் நெருக்கமாக விதைத்து, சில வாரத்திலேயே வெட்டிச் சாப்பிடும் இளங்கீரை) போட ஆரம்பித்தவர்கள் எனக்கு அனுப்பும் முதல் படம் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வரும். அவற்றில் பாதிக்கு மேல் பூஞ்சையே இருக்காது. எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாத நாளில், ஒரு குறையும் இல்லாத மூன்று முள்ளங்கி ட்ரேக்களை அடுத்தடுத்துக் குப்பையில் கொட்டியிருக்கிறேன். நான்காவதைக் கொட்டச் சோம்பல்பட்டு மூலையில் விட்டேன். ஐந்தாறு நாளில் அதுதான் தளதளவென்று நின்றது.

உங்கள் ட்ரேயில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவே இல்லாத காரணத்தை முதலிலும் கையைக் கடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே சோதியுங்கள். புது விளக்கு வாங்கி மாட்டிய பிறகு கோளாறு தண்ணீரில்தான் இருந்தது என்று தெரிந்தால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும்.

## எதற்கும் முன்னால் இரண்டு வேலை

விதைத்த தேதியை எழுதி ட்ரேயின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறீர்களா? ‘கோளாறு’ என்று வருவதில் பல, நாள் கணக்கு தப்பியதுதான். முள்ளங்கியும் கடுகும் இரண்டாம் நாளே வெடித்து, எட்டுப் பத்து நாளில் வெட்டுக்கு வந்துவிடும். சூரியகாந்திக்கும் பட்டாணிக்கும் 8 முதல் 14 நாள். கொத்தமல்லி முதல் வாரம் முழுக்கச் செத்ததுபோலக் கிடக்கும். வெட்ட மூன்று வாரம் ஆகலாம். பீட்ரூட்டும் தண்டுக்கீரையும் இவற்றுக்கு நடுவில் எங்கோ.

இரண்டாவது வேலை, ட்ரேயைத் தூக்கிப் பார்ப்பது. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் சொதசொதவென்று தண்ணீர் நிற்கும். மண்ணுக்குப் பதிலாக நிரப்பும் தேங்காய் நார்த்தூளான கோகோபீட்டில் இது சாதாரணம். அளவான ஈரத்தோடு கோகோபீட் நிரப்பிய ட்ரேயை ஒருமுறை தூக்குங்கள். அதையே தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு இன்னொருமுறை தூக்குங்கள். இந்த இரண்டு எடையும் கைக்குப் பழகிவிட்டால் போதும். கீழே ‘தூக்கிப் பாருங்கள்’ என்று நான் சொல்லும் இடமெல்லாம் இதுதான். அளவான ஈரம் எது என்று கேட்டால், ஒரு கைப்பிடி கோகோபீட்டை இறுக்கிப் பிழியும்போது ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும். தாரையாக ஒழுகினால் அதிகம்.

## “விதை போட்டேன், முளைக்கவே இல்லை”

### ட்ரே முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை

நாள் கணக்கு சரியாக இருந்தும் அசைவில்லை என்றால், முதலில் விதையின் மேல் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். முளைக்கும் நேரத்தில் ஒருமுறை காய்ந்த விதை திரும்ப எழுந்திருக்காது. முளைப்பதற்காக ட்ரேயை மூடி வைத்திருந்தாலும் நாளைக்கு ஒன்றிரண்டு முறை ஸ்ப்ரேயர் தேவை.

அடுத்தது சூடு. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் பெரும்பாலான விதைகளுக்கு ஒத்துவரும். லெட்யூஸ் மட்டும் அடம் பிடிக்கும். 30 டிகிரியை நெருங்கினால் உறங்கப் போய்விடும். விதையில் குறை இருக்காது, இடம் மாற்றினால் முளைக்கும். தண்டுக்கீரைக்கும் துளசிக்கும் நேர்மாறான குணம், குளிர்ந்தால் சுணங்கும்.

அடுத்தது ஊறவைத்தது. பட்டாணிக்கும் சூரியகாந்திக்கும் 8 முதல் 12 மணி நேரம் போதும். மறந்துபோய் ஒன்றரை நாள் தண்ணீரிலேயே கிடந்த விதை காற்றில்லாமல் புளித்துவிடும். மோந்து பார்த்தாலே தெரியும். முள்ளங்கி, கடுகு மாதிரிச் சின்ன விதைகளை ஊறவைக்கவே வேண்டாம். துளசி, சியா போன்றவை நனைந்ததும் வழவழவென்று ஜெல் பூசிக்கொள்ளும். அது அவற்றின் இயல்பு; ஊறவைத்தால் கட்டிக் கட்டியாக ஒட்டிக்கொண்டு தூவ வராது. நேராக ஈரமான கோகோபீட்டில் தூவி ஸ்ப்ரே அடித்தால் சரி.

இவ்வளவும் சரியாக இருந்தால் விதையைச் சந்தேகிக்கலாம். 20 விதையை எண்ணி ஈர டிஷ்யூவில் மடித்து, மூடியுள்ள டப்பாவில் வைத்து, ஐந்து நாள் கழித்து எண்ணுங்கள். கொத்தமல்லிக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு நாள் கொடுங்கள். 16-க்கு மேல் முளைத்திருந்தால் விதை நல்லது, கோளாறு உங்கள் ட்ரேயில். 12-க்குக் கீழே என்றால் அந்தப் பாக்கெட்டை மறந்துவிடுங்கள். அதிகமாகத் தூவிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். முளைக்காத விதைதான் பூஞ்சைக்கு முதல் தீனி.

### அங்கங்கே மட்டும் முளைத்திருக்கிறது

ஓரம் மட்டும் வெறுமையாக இருந்தால் ஓரம் காய்கிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் ட்ரே சாய்ந்திருக்கிறது, தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடுகிறது. அடியில் ஒரு அட்டையைச் சொருகுங்கள். திட்டுத் திட்டாக என்றால் தூவிய கைதான் காரணம். பாதி விதையை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவினால் சீராக விழும்.

கொத்தமல்லியில் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இரண்டு விதை. லேசாகத் தேய்த்து உடைத்துப் போட்டால் முளைப்பு ஓரளவு சேர்ந்து வரும். பீட்ரூட்டில் ஒரே முடிச்சிலிருந்து இரண்டு மூன்று முளை வெவ்வேறு நாளில் வரும், அதை மாற்ற முடியாது.

### விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருக்கிறது

நிறுத்துங்கள். வயலில் விதைப்பதற்காகப் பூஞ்சைக்கொல்லி பூசிய விதையாக இருக்கலாம். கழுவினால் போகும் என்று நினைக்க வேண்டாம். பத்து நாளில் வாயில் போடும் பயிருக்கு அது ஆகாது. பாக்கெட்டில் ‘நேர்த்தி செய்யப்படாதது’ என்று தெளிவாக இருப்பதையே வாங்குங்கள்.

யாரிடம் கேட்பது: புதிதாக வாங்கிய விதை டிஷ்யூ சோதனையில் இரண்டு முறை தோற்றால் விற்றவரிடம் பாக்கெட்டில் உள்ள லாட் (விதைத் தொகுப்பு) எண்ணைச் சொல்லி, முளைப்புத்திறன் சோதித்த தேதியைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் மறுபடி வாங்காதீர்கள்.

## “வெள்ளையாப் பஞ்சு மாதிரி ஏதோ இருக்கு”

இதில் அவசரப்படாதீர்கள். கைபேசி கேமராவை முழுக்கப் பெரிதாக்கி ஒரே ஒரு முளையைப் பாருங்கள். வெள்ளை இழைகள் வேரைச் சுற்றி மட்டும், பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நாலாபுறமும் ஒரே நீளத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? ஒவ்வொரு முளையிலும் அதே மாதிரியா? அப்படியானால் அவை வேர்த்தூவிகள்; வேரில் இயல்பாக வளரும் மெல்லிய இழைகள், பூஞ்சை இல்லை. முள்ளங்கியிலும் கடுகிலும் மூன்றாம் நாள் காலையில் ட்ரே முழுக்கப் பனி படிந்ததுபோல இருக்கும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்.

பூஞ்சை வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஓர் இடத்தில் பிடித்து அங்கிருந்து விதைக்கு விதை, தண்டுக்குத் தண்டு சிலந்தி வலைபோல இழுத்துக் கட்டும். பெரும்பாலும் முளைக்காத விதையிலோ கழன்ற தோலிலோதான் தொடங்கும். காலையில் பார்த்ததை விட மாலையில் பெரிதாக இருக்கும்.

இன்னும் சந்தேகம் என்றால் தண்ணீரை மென்மையாக ஸ்ப்ரே செய்யுங்கள். வேர்த்தூவி வேரோடு ஒட்டிக்கொண்டு மறைந்துபோகும், ஈரம் உலர்ந்ததும் திரும்பப் புசுபுசுவென்று வரும். பூஞ்சை நனைந்து அமுங்கினாலும் நூலாம்படையாக அங்கேயே தெரியும். கடைசியில் மூக்கு. நல்ல ட்ரேயில் மழை விழுந்த மண் வாசம்தான் வரும். பூட்டிக் கிடந்த அறை நாற்றம் வந்தால் பூஞ்சை.

### வேர்த்தூவி என்றால்

எதுவும் செய்ய வேண்டாம். மூடியை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

### பூஞ்சை, ஆனால் ஒரு காசு அளவுதான்

ஸ்பூனால் சுற்றியுள்ள இரண்டு விரல் அகல இடத்தையும் சேர்த்துத் தோண்டி எடுத்துவிடுங்கள். மூடியைக் கழற்றுங்கள். சின்ன மின்விசிறியைத் தள்ளி வைத்து, இலைகள் லேசாக அசையும் அளவுக்குக் காற்று விடுங்கள். அன்றிலிருந்து மேலே தண்ணீர் வேண்டாம். துளையில்லாத இன்னொரு ட்ரேயில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி இதை அதில் இருபது நிமிடம் வைத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு பங்கைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து அந்த இடத்தில் ஸ்ப்ரே செய்யலாம். நுரை வரும், மேலே தெரிவது அடங்கும். அத்தோடு சரி. காரணத்தைத் தொடாமல் இதையே தினமும் அடித்துக்கொண்டிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ட்ரே பிழைக்காது, பாட்டில்தான் காலியாகும்.

### பெரிதாகப் பரவிவிட்டது, அல்லது பச்சை, சாம்பல், கருப்பு நிறத்தில் இருக்கிறது

கொட்டுங்கள். ‘பூஞ்சை இல்லாத பாதியை மட்டும் வெட்டிக்கொள்ளலாமே’ என்று தோன்றும். பச்சையாகச் சாப்பிடப் போகிறீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

### திரும்பத் திரும்ப வருகிறது

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

1. நெருக்கம். 25 × 50 சென்டிமீட்டர் ட்ரேக்கு, உலர்ந்த எடையில், கடுகு 10 முதல் 15 கிராம், முள்ளங்கி 25 முதல் 35 கிராம், சூரியகாந்தி 100 முதல் 125 கிராம், பட்டாணி 200 முதல் 250 கிராம். ஆரம்பத்தில் எல்லோரும் இதைப்போல ஒன்றரை மடங்கு போடுவோம். ஒருமுறையாவது தராசில் நிறுத்துப் போட்டுப் பாருங்கள்.
2. ஈரம். தூக்கிப் பாருங்கள்.
3. மூடி. முளை அரை விரல் உயரம் வந்த பிறகும் மூடியே கிடக்கிறதா?
4. சூடு. 27, 28 டிகிரிக்கு மேல் போனால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வீட்டில் குளிர்ந்த மூலை எது என்று தேடுங்கள்.
5. ட்ரே. சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகு, ஒரு பங்கு வீட்டு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசிக் காயவையுங்கள். ப்ளீச்சோடு வினிகரையோ பெராக்சைடையோ சேர்த்துவிடாதீர்கள்; வினிகர் சேர்ந்தால் விஷவாயு வரும்.
6. விதையே. வேறு லாட் விதையைப் பக்கத்தில் போட்டு ஒப்பிடுங்கள்.
7. அறை. சுவரே ஓதம் காக்கிறது என்றால் ட்ரேயில் என்ன செய்தும் பயனில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வீட்டு வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

## “நல்லா நின்னது, திடீர்னு சாய்ஞ்சிடுச்சு”

சாய்வதில் மூன்று வகை உண்டு.

### ட்ரே முழுக்க ஒன்றாகத் துவண்டிருக்கிறது

தூக்கிப் பாருங்கள். இலேசாக இருந்தால் தாகம். அடியில் தண்ணீர் ஊற்றுங்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். கனமாக இருந்தால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால்தான் பலர் மூழ்கிக்கொண்டிருக்கும் ட்ரேக்கு மேலும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கனமான ட்ரேயை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, காற்றோட்டத்தில் வைத்து, திரும்ப இலேசாகும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

### ஓர் இடத்தில் மட்டும் வட்டமாக விழுந்திருக்கிறது

விழுந்ததில் ஒன்றைப் பிடுங்கி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அந்த இடம் மட்டும் நூலால் இறுக்கிக் கட்டியதுபோல ஒடுங்கி, பழுப்பாக, நீர் கோத்து இருக்கிறதா? இலை இன்னும் பச்சையாக, ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். இது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரி நோய்க்கிருமிகளின் வேலை. நாற்றங்கால் போட்டவர்களுக்குத் தெரிந்த பழைய எதிரிதான்.

விழுந்த பயிரைக் காப்பாற்ற முடியாது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு என்றால் சுற்றுப்புறத்தோடு தோண்டி எடுத்துவிட்டு, மீதியை உடனே உலர்ந்த பக்கமாகக் கொண்டுவரலாம். நான் பெரும்பாலும் அதையும் செய்வதில்லை. மறுநாள் காலையில் வட்டம் இரண்டு மடங்காகியிருப்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன். ட்ரேயோடு கொட்டிவிட்டு ப்ளீச்சில் ஊறவைப்பதுதான் என் பழக்கம். அந்தக் கோகோபீட்டை அடுத்த விதைப்புக்கு எடுக்காதீர்கள். முக்கியமாக, அந்த ட்ரேயில் வைத்த ஸ்பூனையும் கையையும் கழுவாமல் அடுத்த ட்ரேயைத் தொடாதீர்கள்.

எப்போதும் ஈரமாகவே இருப்பதும் நெருக்கமும்தான் இதற்கும் வேர்க் காரணம், மேலே சொன்ன பட்டியலே இங்கும் பொருந்தும். சுத்தமான ட்ரே, புதுக் கோகோபீட், வேறு விதை என்று எல்லாம் மாற்றியும் மூன்று முறை இதே வட்டம் வந்தால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். திறந்த தொட்டியில் நாள்கணக்கில் நின்ற தண்ணீரா? கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் ஒரு ட்ரே போட்டுப் பாருங்கள். அதிலும் வந்தால் வேளாண் கல்லூரியிலோ வேளாண் துறையிலோ உள்ள தாவர நோயியல் பிரிவுக்கு மாதிரி கொண்டுபோவதுதான் அடுத்த படி. விற்பனைக்காகப் பத்து இருபது ட்ரே போடுபவர்களுக்கு இந்த அலைச்சல் தகும். இரண்டு ட்ரே போடுபவர் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டு, ஒரு வாரம் இடைவெளி விட்டு மறுபடி தொடங்கலாம்.

### உயரமாக, வெளிறி, தன் எடை தாங்காமல் சாய்கிறது

வெளிச்சக் குறைவு. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

## “மஞ்சளா, நெடுநெடுன்னு வளருது”

மூடியைத் திறந்த அன்று மஞ்சளாக இருப்பது இயல்பு. வெளிச்சம் பட்டால் ஒன்றிரண்டு நாளில் பச்சையாகிவிடும். இரண்டு நாள் ஆகியும் மாறவில்லை என்றால்தான் சோதனை.

எத்தனை நாள் மூடி வைத்தீர்கள்? இரண்டு முதல் நான்கு நாள் போதும். ‘இன்னும் கொஞ்சம் உயரட்டும்’ என்று ஆறு நாள் வைத்தால் தண்டு நூலாகிவிடும். அதைத் திருத்த முடியாது, அடுத்த ட்ரேயில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜன்னல் பக்கமாகச் சாய்கிறதா? தினமும் ட்ரேயைத் திருப்பி வையுங்கள். அப்படியும் நெட்டையாகவே போனால் அந்த ஜன்னல் போதவில்லை. நமக்கு வெளிச்சமாகத் தெரியும் அறை செடிக்கு அந்தி வேளைதான். அப்போது எல்இடி விளக்கு. சாதாரண வெள்ளை ட்யூப் லைட் வகையே போதும், ஊதா நிறத்தில் எரியும் விசேஷ விளக்கு தேவையில்லை. இலைக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம். ஏற்கெனவே விளக்கு இருந்தும் நெட்டையாக வந்தால், புதிது வாங்கும் முன் இருப்பதைத் தாழ்த்திக் கட்டிப் பாருங்கள்.

மூடியைத் திறந்ததும் நேரே உச்சி வெயிலில் வைத்து, இலை வெள்ளையாகக் கருகிப்போனது என்பதும் இதே குடும்பத்துப் புகார். முதல் நாள் நிழல் வெளிச்சம், அப்புறம் வெயில்.

இரண்டு வாரம் தாண்டிய பயிரில் கீழ் இலை மட்டும் மஞ்சளானால் வெட்டும் நாள் கடந்துவிட்டது. வெட்டுங்கள்.

மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய இடம்: விளக்கைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது, போட்டதும் எம்சிபி விழுகிறது, பிளக் சூடாகிறது. இதில் எதுவானாலும் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போட்டு வைத்திருப்பவர்கள் அதை இன்றைக்கே உயரத்தில் மாட்டுங்கள்.

## “விதைத் தோல் தலையிலேயே ஒட்டியிருக்கு”

சூரியகாந்திக்காரர்களின் நிரந்தரப் புலம்பல். காரணம் இரண்டே. ஒன்று, மூடிவைத்த நாள்களில் மேலே பாரம் வைக்கவில்லை. இன்னொன்று, தோல் காய்ந்து இறுகிவிட்டது.

விதைத்த பிறகு இன்னொரு ட்ரேயை மேலே கவிழ்க்காமல் அப்படியே அடுக்கி, அதில் 2 முதல் 5 கிலோ வரை பாரம் வையுங்கள். முளை நசுங்கிவிடுமே என்று முதல் தடவை எனக்கும் மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், வைத்த செங்கல்லை ட்ரேயோடு சேர்த்து ஒரு விரற்கடை தூக்கி நிறுத்தியிருந்தது சூரியகாந்தி. அந்த முட்டலில்தான் வேர் ஆழமாக இறங்குகிறது, தோலும் கழல்கிறது.

ஏற்கெனவே வளர்ந்துவிட்டது, தோல் மட்டும் போகவில்லை என்றால் நன்றாக ஸ்ப்ரே செய்து, பத்து நிமிடம் கழித்து உள்ளங்கையால் ஒரே திசையில் மெல்லத் தடவுங்கள். பாதி உதிரும். மீதியை வெட்டிய பிறகு கையால் எடுக்க வேண்டியதுதான். கொத்தமல்லியிலும் இதே வழி, பலன் கொஞ்சம் குறைவு.

## “நாற்றம் அடிக்குது”

புளித்த, அழுகிய நாற்றம் என்றால் அடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது. ஓரத்தைத் தூக்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் வடியவிட்டுக் காப்பாற்றலாம். பழுப்பாக, வழவழப்பாக இருந்தால் கொட்டுங்கள். அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், வேரே போய் அடைத்துக்கொள்ளும். முள்ளங்கி, முட்டைக்கோஸ் வகைகளில் லேசான கந்தக வாசம் வரும். மூடியைத் திறந்து ஐந்து நிமிடத்தில் அது போய்விட்டால் கவலையில்லை.

## “சின்னக் கருப்பு ஈ பறக்குது”

பறப்பதால் பயிருக்குப் பெரிய கேடில்லை, அதன் புழுதான் வேரைக் கடிக்கும். ஒரு உருளைக்கிழங்குத் துண்டைக் கோகோபீட்டின் மேல் கவிழ்த்து வைத்து இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கருப்புத் தலையோடு கண்ணாடி மாதிரிப் புழு இருந்தால் உறுதி.

மேல்பரப்பைக் காயவிடுவது முதல் வைத்தியம். பறப்பதைப் பிடிக்க மஞ்சள் ஒட்டும் அட்டை. வெட்டிய ட்ரேக்களை அன்றே வெளியேற்றுங்கள். பெரும்பாலும் இந்த ஈ பெருகுவது நீங்கள் மறந்துபோன பழைய ட்ரேயில்தான். தொழுவுரம், மட்கு கலந்த மண்ணை விட்டுவிட்டு வெறும் கோகோபீட்டுக்கு மாறினால் பாதி குறையும். முட்டை முதல் ஈ வரை அதன் சுழற்சி மூன்று நான்கு வாரம். அதனால் இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று கைவிடாதீர்கள். அடங்கவே இல்லை என்றால் ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்துவது, எந்த மருந்தையும் விட மேல். பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். மருந்து அடித்த பிறகு வெட்டிச் சாப்பிடக் காத்திருக்க வேண்டிய காலம் பத்து நாள் பயிரில் கிடைக்காது.

## “இலை நுனி கருகுது, மேலே உப்புப் பூத்திருக்கு”

கோகோபீட்டைக் கழுவினீர்களா? கழுவாத கோகோபீட்டில் உப்பு நிறைய இருக்கும். தண்ணீர் ஊற்றி, கலக்கி, பிழிந்து, பழுப்புத் தண்ணீர் வெளிறும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். கழுவியும் பூத்தால் தண்ணீர் கடினம். மழைநீரிலோ வடிகட்டிய நீரிலோ ஒரு ட்ரே போட்டு ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். உப்பைப் பயன்படுத்தித் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வீட்டில் இருந்தால் அந்தக் குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள், அதில் சோடியம் ஏறியிருக்கும். டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு உப்பு என்று சொல்லுமே தவிர என்ன உப்பு என்று சொல்லாது. அது தெரிய வேண்டுமானால் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம்தான். குடிப்பதும் அதே தண்ணீர் என்றால் அந்தச் செலவு கீரைக்காக மட்டும் இல்லை.

## “வெட்டி ஃபிரிட்ஜில் வச்சேன், ரெண்டே நாள்ல கொழகொழன்னு ஆயிடுச்சு”

ஈரத்தோடு வைத்திருப்பீர்கள். வெட்டுவதற்குப் பத்து மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். கூர்மையான கத்தியால், மண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். மொக்கைக் கத்தி தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். கழுவாமல், டிஷ்யூ விரித்த மூடிய டப்பாவில், 4 டிகிரியை ஒட்டி வையுங்கள். சாப்பிடும்போது கழுவிக்கொள்ளலாம்.

வெட்டியது திரும்பத் துளிர்க்கவில்லையே என்று கேட்பவர்களுக்கு: வித்திலைக்கு (முளையில் முதலில் விரியும் இலை) கீழே வெட்டிவிட்டால் பெரும்பாலானவை துளிர்க்காது. பட்டாணி மட்டும், கீழ்க்கணுவுக்கு மேலே வெட்டினால் இன்னொரு தடவை வரும். அளவு குறைவாக இருக்கும்.

## “சாப்பிட்டு வயிறு சரியில்லை”

இதில் நானோ நீங்களோ சோதித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. காய்ச்சல், ரத்தம் கலந்த பேதி, நிற்காத வாந்தி இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். பச்சையாக முளைக்கீரை சாப்பிட்டதை மறக்காமல் சொல்லுங்கள். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியே பரவிய ஈ.கோலை கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அவை விதையும் வேருமாக முழுதாகச் சாப்பிடும் முளைகள். மைக்ரோகிரீன்ஸில் மண்ணுக்கு மேல் வெட்டி எடுப்பதால் அபாயம் அதைவிடக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சையாகச் சாப்பிடும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கிருமி இல்லாமல், செடியாலேயே வரும் கோளாறும் உண்டு. தக்காளி, கத்தரி, உருளை இவற்றின் இளந்தளிரை மைக்ரோகிரீன்ஸாக வளர்க்கக் கூடாது. இளஞ்சோளப் பயிரில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சிவப்புக் காராமணி வடிவில் பெரிதாக இருக்கும் கிட்னி பீன்ஸும் பச்சையாக ஆகாது. ‘எந்த விதையை வேண்டுமானாலும் தூவலாம்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

## எந்தத் தலைப்பிலும் அடங்கவில்லை என்றால்

ஒரே கோளாறு மூன்று ட்ரேயில் தொடர்ந்து வந்து, காரணம் மட்டும் பிடிபடவில்லை என்றால் நான் செய்வது இது. ஒரு ட்ரேயை நடுவில் அட்டை வைத்து இரண்டாகத் தடுப்பேன். இடப்பக்கம் எப்போதும் செய்வதுபோல, வலப்பக்கம் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி: விதை அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அல்லது வேறு லாட் விதை, அல்லது புதிதாகக் கழுவிய கோகோபீட். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். தண்ணீரைச் சோதிப்பதென்றால் மட்டும் அட்டைத் தடுப்பு உதவாது, அடியில் கலந்துவிடும். அதற்கு இரண்டு தனித்தனி டப்பா வேண்டும். முள்ளங்கியில் செய்யுங்கள், ஒரு வாரத்தில் விடை தெரிந்துவிடும். கொத்தமல்லியில் செய்தால் மூன்று வாரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.